347-இல் எத்தனை பத்து?

2021 அக்டோபர் 27 அன்று ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த ஊர், விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் ஒன்றியத்தில் உள்ள முதலியார்குப்பம். பெருந்தொற்றால் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பிள்ளைகளுக்கு, அவர்கள் தெருவிலேயே, மாலை வேளையில், தன்னார்வலர்கள் பாடம் சொல்லித் தருவது என்பது திட்டம். மீனவர் குப்பங்களும் உப்பளங்களும் அடுத்தடுத்துக் கிடக்கும் இந்தக் கரையில் அது தொடங்கியது பொருத்தமே. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்குச் சொல்லித்தர இங்கே பல வீடுகளில் ஆளும் இல்லை, நேரமும் இல்லை. பள்ளியில் விட்டுப்போனது விட்டுப்போனதுதான்.

கணக்கில் விட்டுப்போனது எது என்று கேட்டால் பெரும்பாலோர் வாய்ப்பாட்டைச் சொல்வார்கள். வாய்ப்பாட்டை ஒரு கோடை விடுமுறையில் மீட்டுவிடலாம். அதற்கும் அடியில் கிடக்கும் ஒன்றைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

‘கணக்கு வரவில்லை’ என்று பெயர் வாங்கிய ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டைப் புரட்டுங்கள். இரண்டு வகையான விடைகள் கண்ணில் படும். 52-இலிருந்து 37-ஐக் கழித்து 25 என்று எழுதியிருக்கும். ‘நூற்று ஐந்து’ என்று ஆசிரியர் சொல்ல, 1005 என்று எழுதியிருக்கும். இரண்டையும் சிவப்பு மையில் சுழித்து, ‘கவனம் தேவை’ என்று எழுதிவிடுகிறோம். பிள்ளையோ கவனமாகத்தான் எழுதியிருக்கிறது. 2-இலிருந்து 7 போகாது, 7-இலிருந்து 2 போகும், மிச்சம் 5. அடுத்து 5-இலிருந்து 3 போனால் 2. விடை 25. தன்னிடம் இருக்கும் அறிவை வைத்து ஒழுங்காகச் செய்த கணக்கு இது. அந்தப் பிள்ளையிடம் இல்லாத அறிவு ஒன்றே ஒன்று: 52-இல் இருக்கும் 5 என்பது ஐந்து இல்லை, ஐம்பது. இதைத்தான் பாடநூல் இடமதிப்பு என்கிறது.

உளவியலாளர் பியாஜேயிடம் பயின்ற கல்வியாளர் கான்ஸ்டன்ஸ் கமி, 1980-களில் அமெரிக்கப் பிள்ளைகளிடம் மிக எளிய சோதனை ஒன்றைச் செய்தார். 16 என்று எழுதிக் காட்டி, அத்தனை வில்லைகளை எண்ணி எடுத்துவைக்கச் சொன்னார். பிறகு 6 என்ற இலக்கத்தைத் தொட்டுக்காட்டி, ‘இது எந்த வில்லைகளைக் குறிக்கிறது?’ என்று கேட்டார். பிள்ளைகள் ஆறு வில்லைகளைக் காட்டினர். 1-ஐத் தொட்டுக்காட்டியபோது, மீதமிருந்த பத்தையும் காட்டுவதற்குப் பதில் பலர் ஒரே ஒரு வில்லையைக் காட்டினர். ஒன்பது வில்லைகள் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தன. அது அவர்களை உறுத்தவில்லை. கூட்டல் கணக்கைச் சரியாகப் போடத் தெரிந்த பிள்ளைகளும் இவர்களில் உண்டு. இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். பதினாறு புளியங்கொட்டை இருந்தால், இன்று இரவே உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் செய்துபார்க்கலாம்.

கல்வெட்டு எழுதியவரும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும்

1005 என்று எழுதிய பிள்ளைக்கு வருவோம். பேச்சில் ஒவ்வொரு அலகுக்கும் பெயர் இருக்கிறது: பத்து, நூறு, ஆயிரம். ‘நூற்று ஐந்து’ என்று கேட்டால் நூறும் ஐந்தும் காதில் விழுகின்றன. பிள்ளை நூறை எழுதுகிறது, பக்கத்தில் ஐந்தை எழுதுகிறது. நம் முன்னோர் எழுதியதும் அப்படித்தான். பழைய தமிழ் எண் முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. நூற்று ஐந்து என்பது ௱௫. இருநூற்று முப்பத்தைந்து என்பது ௨௱௩௰௫. வாய் சொன்னதைக் கை அப்படியே எழுதியது. மரக்காணத்தில் சோழர் காலக் கல்வெட்டுகளோடு நிற்கும் பூமீஸ்வரர் கோயிலைப் போன்ற எத்தனையோ கோயில்களில், நிலமும் நெல்லும் பொன்னும் அந்த முறையில்தான் கணக்கிட்டுப் பதியப்பட்டன. பேரரசையே நடத்த அது போதுமானதாக இருந்தது.

ஒவ்வோர் இடமும் முந்தைய இடத்தைப் போலப் பத்து மடங்கு என்ற விதியை ஆரியபட்டர் 499-இல் சொல்லிவிட்டார். சுழியத்தோடு கூட்டல், கழித்தல் செய்யும் விதிகளைப் பிரம்மகுப்தர் 628-இல் வகுத்தார். குவாலியரில் 876-ஆம் ஆண்டுக் கோயில் கல்வெட்டில் 270 என்ற எண்ணும் 50 என்ற எண்ணும் இன்று நாம் எழுதுவது போலவே சுழியத்தோடு வெட்டப்பட்டிருக்கின்றன. ஐரோப்பிய வணிகர்களுக்கு இந்த முறையை ஃபிபொனாச்சி நூல் எழுதி விளக்கியது 1202-இல். தமிழ் எண்களோடு சுழியத்தைச் சேர்த்து இடமதிப்பு முறையில் எழுதக் கற்பித்த ‘கணித தீபிகை’ வெளிவந்தது 1825-இல்.

இந்த ஆண்டுகளை இங்கே அடுக்கியது பெருமை பேசுவதற்கு இல்லை. இலக்கம் நிற்கும் இடமே அதன் மதிப்பைச் சொல்லும், வெற்றிடத்துக்கும் ஒரு குறி வேண்டும் என்ற எண்ணம் மனிதர்களுக்கு இயல்பாக வந்துவிடவில்லை. நாகரிகங்கள் பல நூற்றாண்டு எடுத்துக்கொண்ட ஒன்றை, ஏழு வயதுப் பிள்ளைக்கு நாம் ஒரு வாரத்தில் நடத்தி முடிக்கிறோம். கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு, மேலே நூ, ப, ஒ என்று எழுதி, கீழே இலக்கங்களை நிரப்பிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறோம்.

தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு. பதினொன்று, பதினாறு, இருபத்து மூன்று என்று நம் எண்ணுப்பெயர்களுக்குள்ளேயே பத்து கேட்கிறது. ஆங்கிலத்தில் ‘லெவன்’, ‘ட்வெல்வ்’ என்று படிக்கும் பிள்ளைக்கு அந்த உதவி கிடையாது. ஆனால் ஒன்பதின் குடும்பம் நம்மவர்களைத் தடுமாற வைக்கிறது. தொண்ணூறில் நூறு கேட்கிறது, எழுத வேண்டியது 90. தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்கிறது, எழுத வேண்டியது 900. இந்தப் பெயர்களுக்கு மட்டும் ஆசிரியர் தனியாக நேரம் ஒதுக்கலாம். ஒதுக்கியே ஆக வேண்டும் என்பேன்.

உப்பு வரியின் மூன்று இடங்கள்

இடமதிப்பு எவ்வளவு பெரிய வசதி என்பது, அது பத்தின் அடுக்கில் சீராக இல்லாத காலத்தைப் பார்த்தால் புரியும். உப்புக் கரையிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. 1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தின் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. பின்னாளில் உப்பு வரி மணங்குக் கணக்கில் விதிக்கப்பட்டது. 40 சேர் கொண்ட, ஏறக்குறைய 37 கிலோ எடையுள்ள ஒரு மணங்கு உப்புக்கு 1923-இல் வரி இரட்டிப்பானது. சட்டசபை மறுத்தும் வைஸ்ராய் தன் அதிகாரத்தால் அதை நிறைவேற்றினார். புதிய வரி ரூ.2-8-0. இரண்டு ரூபாய், எட்டணா, சுழியம் பை.

இந்த 2-8-0 என்பதும் ஓர் இடமதிப்பு முறைதான். வலக்கோடியில் 12 சேர்ந்தால் ஓர் அணா. நடுவில் 16 சேர்ந்தால் ஒரு ரூபாய். ஏழு மணங்கு உப்புக்கு வரி எவ்வளவு? எட்டணாவை ஏழால் பெருக்கினால் 56 அணா. அதில் 48 அணா மூன்று ரூபாயாகி இடப்பக்கம் ஏறும், 8 அணா நிற்கும். ஏழிரண்டு பதினான்கோடு மூன்று சேர்ந்து பதினேழு. ரூ.17-8-0. உப்பை அளந்தால் கணக்கு இன்னொரு விதம்: 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால், 400 மரக்கால் ஒரு கரிசை. எத்தனை சேர்ந்தால் அடுத்த இடத்துக்கு ஏறும் என்பதை இடத்துக்கு இடம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். திண்ணைப் பள்ளிகளில் நெல்லிலக்கமும் பொன்னிலக்கமும் எண்சுவடியும் மனப்பாடமாக ஓதப்பட்டது இதற்காகத்தான். அந்தத் திண்ணைகளை நான் ஏக்கத்தோடு நினைக்கவில்லை. உப்பு வாரியவர் வீட்டுப் பிள்ளைக்கு அங்கே உட்கார இடம் கிடைத்ததில்லை. வரியைக் கட்டியவருக்கு வரியைக் கணக்கிடத் தெரியாமல் இருந்ததும் அந்த அதிகாரத்தின் பலங்களில் ஒன்று.

1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு நூறு நயா பைசா வந்தது. அடுத்து கிலோவும் லிட்டரும் மீட்டரும் வந்தன. எல்லா அளவைகளும் பத்தின் ஒரே விதிக்குள் அடங்கின. ஒரு பிள்ளை அந்த விதியைப் புரிந்துகொண்டால் காசு, எடை, நீளம், கொள்ளளவு எல்லாம் ஒரே கணக்கு. இத்தனை எளிமையான முறை எந்தத் தலைமுறைக்கும் கிடைத்ததில்லை. கிடைத்த பிறகு, அதைப் புரியவைக்க மெனக்கெட வேண்டியதில்லை என்று நாம் முடிவுகட்டிவிட்டதுதான் வருத்தம்.

கடன் வாங்கினால் திருப்பித் தர வேண்டாமா?

52 – 37. ‘பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு, 2 என்பது 12 ஆகும்.’ நாம் எல்லோரும் இப்படித்தான் படித்தோம். ஒன்றைக் கடன் வாங்கினால் 2 எப்படி 12 ஆகும்? மூன்றுதானே ஆக வேண்டும்? வாங்கிய கடனை எப்போது திருப்பித் தருவது? சிந்திக்கிற பிள்ளை இந்த இரண்டு கேள்விகளையும் கேட்கும். கேட்காத பிள்ளை, கணக்கு என்பது காரணம் கேட்காமல் செய்வது என்று கற்றுக்கொண்டுவிட்டது. உண்மையில் அங்கே கடனே இல்லை. ஐந்து பத்துக் கட்டுகளில் ஒன்றை அவிழ்த்து, கையில் இருக்கும் இரண்டோடு சேர்க்கிறோம். நான்கு கட்டும் பன்னிரண்டு உதிரியும் ஆகிறது. மொத்தம் அப்போதும் 52-தான். தமிழ்நாட்டுப் பாடநூல் இதை ‘இனமாற்றம்’ என்கிறது. நல்ல சொல், ஆனால் வகுப்பறையில் இன்னும் கடன்தான் ஓடுகிறது.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டும் இல்லை. கல்வி ஆய்வாளர் லிபிங் மா 1999-இல் வெளியிட்ட நூல், 23 அமெரிக்க ஆசிரியர்களையும் 72 சீன ஆசிரியர்களையும் ஒப்பிட்டது. கழித்தலை எப்படி நடத்துவீர்கள் என்று கேட்டபோது அமெரிக்க ஆசிரியர்களில் பெரும்பாலோர் கடன் வாங்கும் வழியைச் சொன்னார்கள். சீன ஆசிரியர்களில் பெரும்பாலோர் பத்தைப் பிரித்து உதிரியாக்குவதைச் சொன்னார்கள். அதே நூலில் இன்னொரு கணக்கு: 123-ஐ 645-ஆல் பெருக்கும் பிள்ளை 615, 492, 738 என்ற மூன்று வரிகளையும் இடம் தள்ளாமல் நேராக எழுதிக் கூட்டி, 1845 என்று விடை தருகிறது. சரியான விடை 79,335. ‘ஓர் இடம் தள்ளி எழுது’ என்றால் அந்தப் பிள்ளை அடுத்த முறை தள்ளி எழுதும். இரண்டாவது வரி 492 இல்லை, 4,920 என்பது தெரிந்தால் தள்ளச் சொல்லவே தேவை இருக்காது. ஆசிரியருக்குத் தெரிந்த ஆழம் வரைதான் பிள்ளை இறங்க முடியும். நம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் பயிற்சியில் இந்த ஆழத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கிறது?

நம் தேர்வுத்தாளிலும் கோளாறு இருக்கிறது. ‘347-இல் 4-இன் இடமதிப்பு என்ன?’ என்று கேட்கிறோம். 40 என்று எழுதினால் முழு மதிப்பெண். நடுவில் இருந்தால் பின்னால் ஒரு சுழியம் போடு என்ற தந்திரமே இதற்குப் போதும். அதே பிள்ளையிடம் ‘347-இல் மொத்தம் எத்தனை பத்துகள் இருக்கின்றன?’ என்று கேட்டுப்பாருங்கள். நான்கு என்று பதில் வரும். சரியான விடை 34. மூன்று நூறுகளுக்குள் முப்பது பத்துகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு 400 – 28 பயமுறுத்தாது, ஏனெனில் 400 அதற்கு நாற்பது பத்து. பார்க்கத் தெரியாத பிள்ளை, சுழியத்திடம் கடன் கேட்டு, அது இன்னொரு சுழியத்திடம் கடன் கேட்டு, நடுவழியில் நிற்கும்.

பிரதம் அமைப்பின் ‘அசர்’ ஆய்வு கிராமப்புறப் பிள்ளைகளிடம் கேட்பது, இனமாற்றம் தேவைப்படும் ஈரிலக்கக் கழித்தலைத்தான். நாட்டளவில் மூன்றாம் வகுப்பில் அதைச் செய்ய முடிந்தவர்கள் 2018-இல் 28.2 சதவீதம், 2022-இல் 25.9 சதவீதம், 2024-இல் 33.7 சதவீதம். ஏற்றம் வந்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆனாலும் மூன்றில் இரண்டு பிள்ளைகள் செய்ய முடியாமல்தான் நான்காம் வகுப்புக்குப் போகிறார்கள். இந்த எண்களைக் ‘கழித்தல் தெரியாதவர்கள்’ என்று படிப்பது தவறு. ஒன்பதில் நான்கு போனால் ஐந்து என்பது அவர்களில் பலருக்குத் தெரியும். தெரியாதது இடமதிப்பு.

குச்சிக் கட்டு முதலில், மணிச்சட்டம் பிறகு

என்ன செய்யலாம்? புதிய கருவி ஏதும் வேண்டாம். செயல்வழிக் கற்றல் காலத்திலிருந்து குச்சிகள், மணிகள், அட்டைகள் நம் பள்ளிகளில் உண்டு. 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, செய்து கற்க இடம் தருகிறது. கருவிகள் எந்த வரிசையில் வருகின்றன, பிள்ளையின் கையில் எவ்வளவு காலம் தங்குகின்றன என்பதில்தான் எனக்குக் கவலை.

ஆணிமணிச் சட்டத்தில் பத்தாம் இடத்து மணியும் ஒன்றாம் இடத்து மணியும் ஒரே அளவு. பத்து ரூபாய்த் தாளும் பத்து ஒற்றை நாணயங்களைப் போல இருப்பதில்லை. இடத்தாலோ எழுத்தாலோ மட்டும் மதிப்பைச் சொல்லும் பொருள்கள் இவை. இடமதிப்பு தெரிந்த பிள்ளைக்குத்தான் இவை பேசும். தெரியாத பிள்ளைக்கு முதலில் வேண்டியது, பத்து குச்சிகளை ரப்பர் பேண்ட் போட்டுத் தானே கட்டிய கட்டு. அதில் பத்து கண்ணுக்குத் தெரிகிறது, வேண்டும்போது அவிழ்த்து எண்ணலாம். பத்துக் கட்டுகளைச் சேர்த்துக் கட்டினால் நூறு, அது கை கொள்ளாது. நூறின் பருமன் கைக்குத் தெரிய வேண்டும். கட்டுவதும் அவிழ்ப்பதும் ஒரு நாள் விளையாட்டாக இல்லாமல் மாதக்கணக்கில் நடக்க வேண்டும். அதன் பிறகு காசு, அதன் பிறகு மணிச்சட்டம், கடைசியில் வெறும் எண். பல வகுப்புகளில் இது தலைகீழாக நடக்கிறது.

மத்திய அரசின் ‘நிபுண் பாரத்’ இலக்கு, இரண்டாம் வகுப்பில் 999 வரையும் மூன்றாம் வகுப்பில் 9,999 வரையும் எண்களை வாசிக்கவும் எழுதவும் சொல்கிறது. எண் பெரிதானால் அறிவு பெரிதாகும் என்று நினைப்பது பிழை. 9,999-ஐ வாசிக்கும் பிள்ளை 16-இல் உள்ள 1-க்கு ஒரே ஒரு கொட்டையைக் காட்டினால், அந்த வாசிப்பால் என்ன பயன்? இரண்டாம் வகுப்பு முழுவதும் நூறுக்குள்ளேயே நின்று, நூறைக் கட்டவும் உடைக்கவும் முழுதாகத் தெரிந்துகொண்டு மேலே போகும் பிள்ளை எதையும் இழக்காது. இலக்கை எட்டிவிட்டதாக அறிக்கை எழுதும் அவசரத்தில்தான் பிள்ளை இழக்கிறது.

ஐந்தாம் வகுப்புக்கு வந்தால் மரக்காணம் ஆசிரியருக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் கிடக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. பத்து லிட்டரில் 350 கிராம். நூறு லிட்டரில் 3.5 கிலோ. ஆயிரம் லிட்டரில் 35 கிலோ. அதே 3, அதே 5, இடம்தான் மாறுகிறது; கிராம் கிலோவானதும் புள்ளி வந்து உட்காருகிறது. ஒரு லிட்டர் கடல்நீரை அகலமான தட்டில் ஊற்றி, வெயிலில் காயவைத்து, மிஞ்சியதைத் தராசில் வைத்துப் பார்க்கலாம். இந்த ஊர்ப் பிள்ளைக்கு அந்த வேலை புதிதல்ல. சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு அந்த 35-இல் சுமார் 27 கிராம்தான், மற்றவை வேறு உப்புகள் என்று அறிவியல் ஆசிரியர் வந்து தொடரலாம். கடைக்கு வரும் ஒரு கிலோ உப்பில் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். கிலோவில் எழுதினால் 0.000015. இதில் ஒரு சுழியம் கூடினாலும் குறைந்தாலும் பத்து மடங்கு தவறு, அது ஓர் ஊரின் உடல்நலக் கணக்கு. 0.35, 0.5 இரண்டில் எது பெரிது என்றால் ‘35 பெரிது’ என்று 0.35-ஐக் காட்டும் பிள்ளை, ஒன்றாம் வகுப்பில் தொடங்கிய அதே தவறைப் புள்ளிக்கு வலப்பக்கம் தொடர்கிறது.

மழைக்காலம் வந்தால் உப்பளம் நிற்கும், கூலி நிற்கும். அந்த மாதங்களில் குழுக் கடனும் வங்கிக் கடனும் வீட்டுக்குள் வரும். 12,000-க்கும் 1,20,000-க்கும் உள்ள வேறுபாட்டைக் கையெழுத்துப் போடும் முன் பார்க்கத் தெரிவது, இந்தக் கரையில் வாழ்வுப் பிரச்சினை.

பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள். மூன்றாம் வகுப்புத் தேர்விலிருந்து ‘இடமதிப்பு எழுதுக’ என்ற கேள்வியை எடுத்துவிடுங்கள். ‘இந்த எண்ணில் எத்தனை பத்துகள்?’ என்று கேளுங்கள், பிள்ளை எப்படிக் கண்டுபிடித்தது என்று ஒரு வரி சொல்லவும் சொல்லுங்கள். தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் வகுப்பறை நடத்தும். கேள்வி மாறினால் குச்சிக் கட்டுகள் தாமாகவே அலமாரியை விட்டு வெளியே வரும்.